குதிரைகள் போய்விட்டன, புல்வெளி என்னவாகும்?

2025 மே 31. பினாங்கு பத்து கந்தோங்கில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பின் பந்தய வரலாறு, 160 ஆண்டுகளைத் தாண்டி அன்றோடு நின்றது. அதற்கு முந்தைய ஆண்டே கிளப்பைக் கலைத்துவிடலாம் என்று உறுப்பினர்கள் முடிவெடுத்திருந்தார்கள். பந்தயம் பார்க்க வருவோர் குறைந்துவிட்டனர், செலவு கூடிவிட்டது. இதில் வியக்க ஒன்றும் இல்லை.

குதிரைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாம் பேசப்போவது அந்தப் பந்தயத் தடத்தை ஒட்டி விரிந்து கிடக்கும் புல்லைப் பற்றி. அந்த வளாகத்தில் 18 குழிகள் கொண்ட கோல்ஃப் திடல் ஒன்றும் உண்டு என்பது பட்டணத்தில் பலருக்குத் தெரியாது. தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களும், தாவரவியல் பூங்காவுக்குக் காலை நடைக்குப் போகிறவர்களும் அந்தப் பச்சையை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. அருகிலேயே ஓடும் சாலைக்குப் பெயர் ஸ்காட்லாந்து சாலை. கோல்ஃப் பிறந்த நாட்டின் பெயர் அப்படித் தற்செயலாக வந்து அமர்ந்திருக்கிறது.

ஜார்ஜ்டவுன் போன்ற நெருக்கமான ஒரு பட்டணத்தின் நடுவே இவ்வளவு பெரிய புல்வெளி இருப்பதே அதிசயம். அதனால்தான் கேள்வி எழுகிறது. அங்கே அடுக்குமாடி எழுமா, பூங்கா வருமா, திடல் தொடருமா? இது பினாங்கின் கேள்வி மட்டும் அல்ல. சிங்கப்பூரிலும் சென்னையிலும் இதே கேள்வி வந்துவிட்டது. கோல்ஃப் தொழில் இன்று எந்தத் திசையில் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் நமக்கும் பதில் சொல்ல வரும்.

பை தூக்கியவர்களின் கதை

கோல்ஃப் ஆட்டத்துக்கு 18 குழிகள் என்ற கணக்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் வந்தது. அங்கே 22 குழிகளாக ஆடிக்கொண்டிருந்ததை 1764-இல் 18 ஆகக் குறைத்தார்கள். வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் ஆட்டமும் போனது. கல்கத்தாவில் 1829-லேயே கிளப் தொடங்கிவிட்டது. கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893-இல் வந்தது. தமிழ்நாட்டு மலைகளில் ஊட்டியும் கொடைக்கானலும் அந்த வரிசையில் சேர்ந்தன.

ஆடியவர்கள் துரைமார்கள். புல் வெட்டியவர்களிலும் பை தூக்கியவர்களிலும் நம்மவர்கள் நிறைய. பை தூக்குகிறவருக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால், அந்த வேலை பார்த்த பையன்கள் வீட்டில் எவ்வளவு கேலிக்கு ஆளாகியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம்.

என் மாமா ஒருவர் அப்படிப் பை தூக்கியவர்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுவாராம். அவர் உயரத்துக்குச் சரியாக இருக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் நடக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பந்து புல்லில் எந்தப் பக்கம் உருளும், எந்தத் துரைக்கு எந்தக் கோலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அந்தத் திடலில் அவர் ஆட முடிந்தது திங்கட்கிழமை காலையில் மட்டும்தான். அன்றைக்குத்தான் உறுப்பினர்கள் வரமாட்டார்கள். யாரோ தூக்கிப் போட்ட பழைய கோலில் முறை வைத்து ஆடுவார்களாம். "அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் பை தூக்கினோம்" என்பார்.

அந்தத் திங்கட்கிழமைகள் வீண்போகவில்லை. இந்த நாட்டின் தொழில்முறை கோல்ஃப் வரலாற்றில் எம். ராமையா, பி. குணசேகரன், ஆர். நாச்சிமுத்து என்று தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வருவது தற்செயல் அல்ல. ஆசிய அளவிலான போட்டிகளில் மலேசியாவின் பெயரைச் சுமந்தவர்கள் அவர்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம் என்று நாம் ஒதுக்கிவைத்த ஒன்றில், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் பின்வாசல் வழியாக நுழைந்து முன்வரிசைக்கு வந்தார்கள்.

இன்று அந்தப் பின்வாசல் பெரும்பாலும் மூடிவிட்டது. மின்கலத்தில் ஓடும் 'பக்கி' வண்டிகள் வந்தபின் பை தூக்க ஆள் தேவை குறைந்தது. தூரத்தைச் சொல்ல வண்டியிலேயே திரை இருக்கிறது. பையன்களை வேலைக்கு வைக்கும் வழக்கம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் காசில்லாத ஒரு பிள்ளை ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள இருந்த ஒரே வழியும் அதோடு போனது. அதற்குப் பதிலாக என்ன வழி திறந்திருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கோல்ஃபை எதிர்த்த தீவு

பினாங்குக்கும் கோல்ஃபுக்கும் இன்னொரு உறவு உண்டு. உலகிலேயே கோல்ஃப் திடல்களை எதிர்த்து எழுந்த மிக வலுவான குரல்களில் ஒன்று இந்தத் தீவிலிருந்துதான் கிளம்பியது.

1980-களிலும் 90-களிலும் ஆசியா முழுதும் திடல்கள் காளான்போல் முளைத்தன. காட்டை அழித்தும் மலையைச் சீவியும் கட்டினார்கள். இந்தத் தீவில் புக்கிட் ஜம்புல் மலைச்சரிவில் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் வடிவமைத்த திடல் 1984-இல் திறக்கப்பட்டது. இன்று பினாங்கு கோல்ஃப் கிளப் என்று பெயர் மாறி இயங்குவது அதுதான். 1990-களின் தொடக்கத்தில் பினாங்குக் கொடிமலையின் மேலேயே தங்கும் விடுதி, கேளிக்கைப் பூங்கா, கோல்ஃப் திடல் எல்லாம் கட்டும் திட்டம் ஒன்று வந்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். 'கொடிமலையின் நண்பர்கள்' என்று கூட்டமைப்பு உருவானது. திட்டம் கைவிடப்பட்டது.

அந்தப் போராட்டங்களில் முன் நின்றவர்களில் ஒருவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்தவர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் சஹாபாட் ஆலாம் மலேசியாவையும் பல பத்தாண்டுகள் வழிநடத்தி, 2019-இல் மறைந்தார். 1993 ஏப்ரல் 29-ஆம் தேதியை 'கோல்ஃப் இல்லா உலக நாள்' என்று அறிவித்து, ஜப்பான், தாய்லாந்து, மலேசியா ஆகிய மூன்று நாட்டு அமைப்புகள் ஓர் உலக இயக்கத்தைத் தொடங்கின. அதில் மலேசியத் தரப்பு பினாங்கைத் தளமாகக் கொண்டது.

அவர்கள் வைத்த குற்றச்சாட்டுகள் எளிமையானவை. கோல்ஃப் திடல் தண்ணீரைக் குடிக்கிறது. பூச்சிமருந்தும் உரமும் ஆற்றில் கலக்கின்றன. ஊர் மக்களின் நிலம் சிலரின் பொழுதுபோக்குக்குப் போகிறது. அன்றைக்கு அதில் உண்மை இருந்தது.

முப்பது ஆண்டுகளில் காட்சி மாறிவிட்டது. அன்று பயம், காடு கோல்ஃப் திடலாகிவிடும் என்பது. இன்று பயம், கோல்ஃப் திடல் சிமெண்டுக் காடாகிவிடும் என்பது. அன்று எதிர்த்தவர்களே இன்று பட்டணத்துக்குள் எஞ்சியிருக்கும் பச்சையைக் காக்கச் சொல்லும் நிலை. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. இரண்டு முறையும் அவர்கள் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: இந்த நிலத்தால் ஊருக்கு என்ன நன்மை?

விடியுமுன் தொடங்கும் வேலை

கோல்ஃப் திடலை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தானாக வளர்ந்து கிடக்கும் புல். உள்ளே போனால் அது ஒரு தொழிற்சாலை.

பொழுது விடியுமுன்பே புல்வெட்டும் இயந்திரங்கள் கிளம்பிவிடும். பந்தைக் குழிக்குள் தள்ளும் இடமான 'கிரீன்' பகுதியில் புல்லின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். நம் வீட்டுத் தரைவிரிப்பைவிடக் குட்டை. அதற்கு அடியில் சாதாரண மண் இருக்காது. சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல், அதற்குக் கீழே சரளைக்கல், அதற்குள் வடிகால் குழாய் என்று அடுக்கடுக்காகக் கட்டியிருப்பார்கள். பெருமழை பெய்தாலும் தண்ணீர் கடகடவென்று இறங்கிவிட வேண்டும். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். ஒரே இடத்தில் எல்லாரும் மிதித்தால் புல் செத்துவிடும் என்பதால் குழியையே அடிக்கடி இடம் மாற்றிவைப்பார்கள். மணல் பள்ளங்களைச் சமன்படுத்துவது, பந்து விழுந்து குழிந்த இடங்களைச் சரிசெய்வது, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று மண்டியிட்டுப் பார்ப்பது எல்லாம் முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் முடிய வேண்டும்.

நம் தட்பவெப்பத்தில் இது இரட்டிப்பு வேலை. குளிர்நாட்டுத் திடல்களில் பனிக்காலத்தில் புல் தூங்கும். இங்கே புல்லுக்குத் தூக்கமே கிடையாது, பூஞ்சைக்கும் கிடையாது. பிற்பகலானால் இடி மின்னல். உலகில் மின்னல் அதிகம் வெட்டும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சங்கு ஊதினால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். அன்றைய வருமானமும் அதோடு போகும்.

இந்தச் செலவுதான் இன்று திடல்களை நெருக்குகிறது. உரம், மருந்து, எரிபொருள் எல்லாம் விலை ஏறிவிட்டன. வெயிலில் புல் வெட்ட உள்ளூர் ஆள் கிடைப்பதில்லை, வெளிநாட்டுத் தொழிலாளர்களை நம்பியே பல திடல்கள் ஓடுகின்றன. அதனால்தான் தொழிலின் போக்கே மாறிவருகிறது. மண்ணில் புதைத்த உணர்கருவி ஈரத்தை அளந்து சொல்கிறது, தேவைப்படும் இடத்துக்கு மட்டும் தண்ணீர் போகிறது. ஆளில்லாமல் தானே ஓடும் புல்வெட்டிகள் வந்துவிட்டன. உப்புத் தண்ணீரையும் தாங்கும் பாஸ்பாலம், குறைந்த தண்ணீரில் வளரும் சோய்சியா போன்ற புல்வகைகள் புதிய திடல்களில் இடம்பிடிக்கின்றன. ஆட்டத்துக்குத் தேவையில்லாத ஓரப் பகுதிகளில் புல் வெட்டுவதையே நிறுத்தி, புதரும் மரமும் வளர விட்டுவிடுகிறார்கள். செலவு குறைகிறது, பறவைகளும் திரும்பி வருகின்றன.

தண்ணீர் விஷயம் பினாங்குக்கு இன்னும் முக்கியம். நாம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி கடலைத் தாண்டி, பெருநிலத்தில் ஓடும் சுங்கை மூடாவிலிருந்துதான் வருகிறது. வறட்சி மாதங்களில் வீட்டுக் குழாய் சொட்டும்போது திடலில் தெளிப்பான் சுற்றினால் யாருக்கும் பொறுக்காது. மழைநீரைத் தன் குளங்களிலேயே சேர்த்துவைத்து அதையே பாய்ச்சும் திடல்தான் இனி ஊரோடு சண்டையில்லாமல் பிழைக்கும்.

நான்கு மணி நேரம் யாருக்கு இருக்கிறது?

அடுத்த மாற்றம் ஆட்டக்காரர்களிடம். 18 குழி ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய் வருவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்தால் ஒரு முழுப் பகல். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, வீட்டில் சின்னக் குழந்தை, வார இறுதியில் அம்மா அப்பாவைப் பார்க்கப் போக வேண்டும் என்றிருக்கும் முப்பது வயதுக்காரருக்கு அது கட்டுப்படியாகாது.

பெருந்தொற்றுக் காலத்தில் கோல்ஃபுக்குப் பல நாடுகளில் புது மவுசு வந்தது. திறந்த வெளி, தள்ளி நின்று ஆடலாம் என்பதால் புதியவர்கள் வந்தார்கள். அவர்களைத் தக்கவைக்க ஆட்டமே தன்னைச் சுருக்கிக்கொண்டது. 9 குழி ஆட்டம் இப்போது கௌரவக் குறைவு இல்லை. 2020-இல் நடப்புக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் 9 குழி ஆட்டத்தின் எண்ணிக்கையும் கணக்கில் சேரும். அதாவது பினாங்கில் ஆடுகிறவரின் திறனும் சென்னையில் ஆடுகிறவரின் திறனும் ஒரே அளவுகோலில் அளக்கப்படுகின்றன.

அதைவிடப் பெரிய மாற்றம், திடலுக்கு வெளியே நடக்கும் கோல்ஃப். ஒரே இடத்தில் நின்று பந்தை அடித்துப் பழகும் பயிற்சிக்கூடங்களில் இப்போது பந்து பறந்த தூரமும் வேகமும் திரையில் தெரிகின்றன. கடைவீட்டு மாடியிலும் பேரங்காடியிலும் திரைக்கு முன் நின்று ஆடும் உள்ளரங்கக் கூடங்கள் பெருகுகின்றன. மழையும் இல்லை, மின்னலும் இல்லை, இரவு பத்து மணிக்கும் ஆடலாம். அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இப்படித் திடலுக்கு வெளியே ஆடுவோரின் எண்ணிக்கை திடலில் ஆடுவோரை முதல் முறையாக மிஞ்சியது.

இதனால் நமக்கு என்ன? உறுப்பினர் சீட்டு வாங்க ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும் என்ற பழைய எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரு கூடைப் பந்துக்குக் காசு கட்டி, கோலை வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் அடித்துப் பார்க்கப் பயிற்சிக்கூடம் போதும். பிடித்தால் ஐந்தாறு பாடம் எடுத்துக்கொள்ளலாம். முழுப் பையில் 14 கோல்கள் வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது, ஆனால் தொடங்குகிறவருக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. பழைய கோல் போதும். பல கிளப்புகள் வார நாட்களில் வெளியாட்களையும் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகின்றன. பெருநிலத்தில் பெர்த்தாம், புக்கிட் ஜாவி திடல்களும் இருக்கின்றன.

2016-இல் கோல்ஃப் ஒலிம்பிக்குக்குத் திரும்பியபோது மலேசியாவிலிருந்து கெவின் கிரீனும் டேனி சியாவும் போனார்கள். பெண்களில் கெல்லி டானும் மிஷல் கோவும் போனார்கள். அடுத்த வரிசையில் நம் பிள்ளைகள் யாராவது இருப்பார்களா என்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குத் திடல்கள் எந்த விலையில் கதவைத் திறக்கின்றன என்பதைப் பொறுத்தது. மாமாவின் காலத்துத் திங்கட்கிழமைக்கு ஈடான ஒன்றை இன்றைய கிளப்புகள் யோசித்தாக வேண்டும்.

சிங்கப்பூரும் சென்னையும் சொல்வது

நிலத்துக்கு வருவோம். ஒரு 18 குழித் திடலுக்கு ஏறக்குறைய 50 ஹெக்டர் வேண்டும். அதில் ஒரு நாளைக்கு ஆடுகிறவர்கள் சில நூறு பேர். நகரத்தில் நில விலை ஏற ஏற, இந்தக் கணக்கு ஆட்சியாளர்களின் கண்ணை உறுத்தும்.

சிங்கப்பூர் இதில் இரக்கம் காட்டவில்லை. குத்தகைக் காலம் முடிகிற திடல்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கெப்பல் கிளப் தன் பழைய இடத்தை 2022-இல் வீடமைப்புக்காக விட்டுக்கொடுத்தது. மரினா பே திடல் 2024-இல் மூடப்பட்டது. கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி குதிரைப் பந்தயமும் முடிந்தது. ஜூரோங் கண்ட்ரி கிளப்பின் கதை வேடிக்கையானது. கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயில் நிலையத்துக்காக அந்த நிலம் வேண்டும் என்று 2015-இல் அறிவித்தார்கள். கிளப் காலி செய்து போனது. 2020 முடிவில் ரயில் ஒப்பந்தமே முடிவுக்கு வந்துவிட்டது. போன திடல் திரும்புமா?

சென்னையின் வழி வேறு. கிண்டி குதிரைப் பந்தயத் திடலில் ஏறக்குறைய 160 ஏக்கர் நிலம். ஆண்டுக்கு 614 ரூபாய் 13 காசு வாடகையில், 99 ஆண்டுக் குத்தகையில் இருந்தது. அதற்குள்தான் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடலும் இருந்தது. வாடகை நிலுவையைக் காரணம் காட்டி 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்து செய்து இடத்துக்குச் சீல் வைத்தது. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கப்போவதாக அறிவித்தது. வேளச்சேரிப் பக்கம் மழைக்காலத்தில் மிதக்கிறது என்பதால் அந்த நிலத்தில் குளங்களும் வெட்டினார்கள். பந்தயக் கிளப் நீதிமன்றம் போனது.

பினாங்கு இந்த இரண்டிலும் சேராது. சிங்கப்பூரிலும் கிண்டியிலும் நிலம் அரசுடையது. பத்து கந்தோங் நிலம் கிளப்பின் சொத்து. கிளப் கலைந்தால் விற்கிறவர்களுக்கு நல்ல விலை வேண்டும், வாங்குகிறவர்களுக்கு உயரமாகக் கட்ட வேண்டும். ஆனால் நிலம் தனியாருடையது என்றாலும், அதில் எதைக் கட்டலாம், எவ்வளவு கட்டலாம், எவ்வளவு பச்சையை விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் மாநில அரசிடமும் நகராண்மையிடமும் இருக்கிறது. அங்கேதான் ஊரின் குரலுக்கு இடம்.

ஐந்து கோடி லிட்டர் மழை

ஊர் ஏன் குரல் கொடுக்க வேண்டும்? 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். ஓர் இரவு முழுதும் கொட்டிய மழையில் தீவு மூழ்கியது. உயிர்கள் போயின. இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஹெக்டர் நிலத்தில் விழும் தண்ணீர் 10 லட்சம் லிட்டர். 50 ஹெக்டர் திடலில் விழுவது 5 கோடி லிட்டர். புல்லும் மண்ணும் குளமும் இருந்தால் அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கும், ஒரு பகுதி தேங்கி மெதுவாக வடியும். அதே இடம் தார்ச்சாலையும் கூரையும் ஆகிவிட்டால், சில மணி நேரத்தில் பெரும்பகுதி சாக்கடைக்கு ஓடும். சாக்கடை தாங்காவிட்டால் கீழே இருக்கும் வீடுகளுக்குள் ஓடும். கோல்ஃப் ஆடாத, ஆடப்போகாத குடும்பத்துக்கும் அந்தப் புல்வெளியில் பங்கு உண்டு என்பது இதனால்தான்.

இதைச் சொல்லும்போது கோல்ஃப் கிளப்புகளும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வேலிக்குள் சிலர் மட்டும் ஆடும் நிலத்தைக் காப்பாற்ற ஊர் திரளாது. செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் பழம்பெரும் திடலைப் பாருங்கள். அது ஊருக்குச் சொந்தமான நிலம். ஞாயிற்றுக்கிழமையில் அங்கே ஆட்டம் கிடையாது. அன்று ஊர்மக்கள் குழந்தை குட்டியோடு புல்லில் நடக்கிறார்கள், நாயைக் கூட்டிவருகிறார்கள். உலகமே கும்பிடும் திடல் வாரத்தில் ஒரு நாள் பூங்காவாகிறது. அந்த நிலத்தில் வீடு கட்டலாம் என்று அந்த ஊரில் ஒருவர் சொல்லிவிட்டுத் தெருவில் நடக்க முடியுமா?

நம் திடல்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. வாரத்தில் ஒரு காலை நடைப்பயிற்சிக்குத் திறந்துவிடலாம். பள்ளிகளுக்கு 9 குழிகளை மலிவாகக் கொடுக்கலாம். தன் குளங்கள் எவ்வளவு மழைநீரைப் பிடிக்கின்றன என்பதை ஊருக்குச் சொல்லலாம். ஊருக்குப் பயன்படும் திடலுக்குத்தான் ஊர் காவல் நிற்கும். பத்து கந்தோங்கில் நாளை கோல்ஃப் இருக்கிறதோ இல்லையோ, அங்கே எது வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்: எவ்வளவு பச்சை மிஞ்சும், மழைநீர் எங்கே போகும், வேலிக்குள் யார் போகலாம்?

மாமாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. சென்ற மாதம் தன் பேத்தியைப் பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர், அவள் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு எழுந்து போய் விரல்களைத் திருத்தி வைத்தார். அவள் அடித்த பந்து எவ்வளவு தூரம் போனது என்று திரையில் எண் வருவதற்குள், அவரே தூரத்தைச் சொன்னார். கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. "தாத்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

"பை தூக்கியவனுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தை எடுத்து வைத்தார்.